தென் திருவிதாங்கூர்ப் பெண்களும் குப்பாயமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நாடறிந்த பழமொழி. ஆடையைப் பற்றிப் பேசுவோர் அதனை நெய்தவரைப் போற்றுவர்; விற்ற வணிகரைக் குறிப்பிடுவர்; உடுத்தி உலவியவரின் அழகையும் பாடுவர். வெட்டிய துணியை மடியிலிட்டு, விளக்கொளியில் தலைகுனிந்து, தனக்கும் தன் பிள்ளைக்கும் ஒரு சட்டையைத் தைத்து முடித்த பெண்ணை நினைவுகூர்வார் அரியர். வீட்டுத் தையல் கணக்கில் ஏறாத உழைப்பு. அதற்குக் கூலி இல்லை. கூலி இல்லாமையால் பதிவேடு இல்லை. பதிவேடு இல்லாமையால் வரலாறும் இல்லை என்று பலரும் எண்ணிவிட்டனர்.

ஆயினும், தமிழ் வழங்கும் நிலத்தின் தென்கோடியில் பெண்கள் அணிந்துகொண்ட ஒரு சிறு சட்டை, 1814 முதல் 1859 வரையிலான நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஓர் அரசைத் திரும்பத் திரும்ப ஆணை பிறப்பிக்க வைத்தது. அச்சட்டைக்கு மேல் ஒரு சீலையையும் இட்டுக்கொண்டபோது அப்பெண்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர். அவர்கள் படித்த பள்ளிகளும் வழிபட்ட ஆலயங்களும் தீக்கிரையாயின. அச்சட்டையின் பெயர் குப்பாயம். தோள்சீலைப் போராட்டம் என்னும் தலைப்பில் வரலாற்றாசிரியர் பலர் இதனை எழுதியுள்ளனர். ஆணைகளையும் கலகங்களையும் அவர்கள் விரித்துரைத்த அளவிற்கு, அச்சட்டையைத் தைத்த கைகளைப் பற்றி விரித்துரைக்கவில்லை. அக்கைகளின் பக்கம் நின்று நோக்குங்கால் இவ்வரலாறு வேறொரு பொருளையும் தருகின்றது.

தையல் என்னும் சொல்

தமிழில் 'தையல்' என்னும் சொல் ஊசி கொண்டு செய்யும் வேலையையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். 'தை' என்னும் அடிச்சொல்லுக்குத் துளைத்தல், இணைத்தல், அணிசெய்தல் ஆகிய பொருள்கள் உண்டு. புனைந்து அழகு செய்தல் என்னும் கருத்தின் வழியாகப் பெண்ணுக்கு இப்பெயர் வந்தது என்பர். சொல்லளவில் பெண்ணும் தையலும் ஒன்றாயினும், பழந்தமிழ் இலக்கியம் நம் கண்முன் நிறுத்தும் பெண் ஊசி பிடித்தவள் அல்லள், தழை உடுத்தவள், நூல் நூற்றவள்.

புறநானூற்றின் 248ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி ஆம்பலைக் கண்டு இரங்குகின்றாள். இளமையில் தழையாடையாக விளங்கிய அதே ஆம்பல், கைம்மைக் காலத்தில் அவளுக்கு வேளை தவறி உண்ணும் புல்லரிசி ஆயிற்று. ஓர் ஆடையின் மாற்றத்தைக் கொண்டே ஒரு வாழ்வின் வீழ்ச்சியை ஒக்கூர் மாசாத்தனார் காட்டிவிடுகின்றார். நற்றிணையின் 353ஆம் பாடலில் கபிலர், ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் ஆக்கிய நுண்ணிய பனுவலை மலையில் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகின்றார். புறநானூற்றின் 326ஆம் பாடலில், இரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறும் கோழிப்பேடு, பஞ்சின் தூசியைத் தட்ட எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகின்றது. ஊர் உறங்கிய பின்னும் உறங்காது உழைத்த ஒருத்தியின் விளக்கு அது. தங்கால் பொற்கொல்லனார் அவள் பெயரைச் சொல்லவில்லை. தொழிலை மட்டும் சொல்லியுள்ளார்.

நூற்றவர் இவர், தைத்தவர் வேறு. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர் எனப்படும் தையல் வினைஞர் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். அவர்கள் தைத்த சட்டையை அணிந்தவர் யார் என்பது இன்னும் கருதற்குரியது. முல்லைப்பாட்டில் 'மெய்ப்பை' அணிந்து நிற்பவர் பாசறையில் அரசனைக் காக்கும் யவனர். சிலப்பதிகாரத்தில் 'கஞ்சுகம்' அணிந்து வருவோர் அரசர்க்குப் பணிபுரியும் ஏவலர். சீவக சிந்தாமணியில் 'குப்பாயம்' அணிந்து தோன்றுபவன் மிலேச்சன். உடுத்தலும் போர்த்தலும் கட்டலுமே உள்நாட்டார் வழக்கு; தைத்த சட்டை அயலாரையும் ஏவலரையும் பிரித்துக் காட்டும் அடையாளம் என்னும் எண்ணம் இவற்றால் புலனாகின்றது. கோயிலிலும் சடங்கிலும் தைக்காத துணியே தூயது என்னும் கருத்து இன்றளவும் நிலைத்திருப்பது இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. இதனை மனத்திற்கொண்டால்தான், பல நூற்றாண்டுகளுக்குப் பின் தென் திருவிதாங்கூரில் குப்பாயம் ஏன் அனுமதிக்கப்பட்டது, ஏன் அந்த அனுமதி பெண்களுக்குப் போதாதாயிற்று என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

மறைக்க உரிமையற்ற மேனி

வள்ளுவர் நட்பின் இயல்பை உரைக்கும்போது, உடை நழுவிய கணத்திலேயே கை விரைந்து சென்று காப்பதை உவமையாக்கினார். எவரும் கற்பிக்காமலே நிகழும் செயல் அது. அந்த இயல்பான செயலையே குற்றமாகக் கருதிய ஒரு சமூக ஒழுங்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் நிலவியது.

அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகள் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆன நிலப்பகுதி இதுவே. பனையேறும் தொழிலை நம்பி வாழ்ந்த நாடார் குலத்தாரும், அவரினும் தாழ்த்தப்பட்டு வயலில் அடிமைகளாக உழைத்த பிற குலத்தாரும் அந்நாளில் பல தடைகளுக்கு உட்பட்டிருந்தனர். நாடார் குலத்தார் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னகை பூணலாகாது, மாடி வைத்து வீடு கட்டலாகாது. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்புக்கு மேல் துணியிட்டு மார்பை மறைக்கலாகாது.

அக்காலத்தில் மேலாடை நாணத்தின் அடையாளமாகக் கருதப்படவில்லை. தகுதியின் அடையாளமாகவே கருதப்பட்டது. உயர்ந்தோர் முன் மேலாடையை நீக்குதல் மரியாதை. நாயர் குலத்துப் பெண்டிரும் நம்பூதிரிகள் முன் மேலாடையை நீக்கினர். எல்லார்க்கும் மேலோராகக் கருதப்பட்டோரும் தெய்வத்தின் முன் அவ்வாறே நின்றனர். இவ்வடுக்கில் அடியில் நின்றவர்க்கு எல்லாரும் மேலோர். ஆதலின் எந்நேரமும் எவ்விடத்தும் திறந்த மேனியே அவர்க்கு விதிக்கப்பட்டது. மானம் என்பது படிக்குப் படி அளந்து கொடுக்கப்பட்ட பண்டமாயிற்று.

1814ஆம் ஆண்டின் ஆணை

1806ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே என்னும் செருமானியப் பாதிரியார் திருவிதாங்கூருக்கு வந்தார். இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் மயிலாடியில் அவர் 1809இல் ஆலயம் எழுப்பினார். புதிய சமயத்தில் சேர்ந்த குடும்பங்களின் பெண்கள் ஆலயத்துக்கு வரும்போது மேனியை மறைக்க விரும்பினர். அப்போது ஆங்கில ரெசிடெண்டாகவும் திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவரான பெண்களுக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டது. 1814ஆம் ஆண்டில் பிறந்த ஆணை அதன் எல்லையை வரையறுத்தது. சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைமார் பெண்களும் அணிவது போன்ற குப்பாயத்தை அவர்கள் அணியலாம். நாயர் பெண்டிர் இடுவதுபோல் தோளின்மீது மேற்சீலை இடலாகாது என்பதே அந்த எல்லை.

தைத்த சட்டைக்கு இசைவும், தைக்காத சீலைக்குத் தடையும் அளித்த இவ்வாணை நுட்பமாக நோக்கத்தக்கது. தைக்காத மேற்சீலை உயர்குலத்தார் உடை. தைத்த குப்பாயமோ அக்குல அடுக்குக்கு வெளியே நின்றோர் உடை. அதனை அணிந்தால் மேனி மறையும். ஆயினும் அணிந்தவர் யார் என்பது மறையாது. மறைத்தலை அனுமதித்து, சமத்துவத்தை மறுத்த ஆணை அது. சிந்தாமணிக் காலத்தில் அயலானைக் காட்டிய குப்பாயம், இப்போது சொந்த மண்ணின் மகளையே அயலாளாகக் காட்டும் கருவியாயிற்று.

ஊசி கற்பித்த பள்ளி

ஆணை கிடைத்தது, சட்டை கிடைக்க வேண்டுமே! தலைமுறை தலைமுறையாகத் தைத்த ஆடையே அணிந்திராத குடும்பங்களில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பணம் கொடுத்துத் தையற்காரரிடம் தைக்கும் வசதியோ, அவர் வாசலில் ஏறும் உரிமையோ அப்பெண்களுக்கு எளிதாக வாய்த்திருக்கும் என்று கருத இடமில்லை. தம் சட்டையைத் தாமே தைத்துக்கொள்ளுதலே அவர்க்கிருந்த வழி.

இவ்வழியைத் திறந்தவை நாகர்கோவிலில் தோன்றிய பெண்கள் பள்ளிகள். சார்லஸ் மீட் 1818ஆம் ஆண்டில் பணியேற்றபின், மிஷன் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. 1819இன் இறுதியில் சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவுடன் வந்து சேர்ந்தார். பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் விடுதிப் பள்ளியை மார்த்தா மால்ட் அம்மையார் வளர்த்தார். வாசிப்பும் எழுத்தும் ஒருபுறம், தையலும் பின்னலும் மறுபுறம் என அப்பள்ளியின் நாள் பகுக்கப்பட்டிருந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட சிறுமியின் வலக்கையில் எழுதுகோலும் ஊசியும் ஒருசேர வந்து அமைந்தன என்பது தமிழகப் பெண்கல்வி வரலாற்றில் மறக்கலாகாத செய்தி.

பாதிரிமாரின் மனைவியர் வகுத்துக் கொடுத்த குப்பாயம் தளர்ந்த அமைப்பும் குட்டைக் கையும் கொண்ட எளிய சட்டை. இக்காலத்து ரவிக்கையைப் போல உடலோடு ஒட்டிய வெட்டு அதற்கில்லை. எளிய வெட்டாயினும் தையற்பொறி தோன்றாத அக்காலத்தில் ஒவ்வொரு தையலும் கைத்தையலே. இரு துண்டுகளை ஓட்டுத் தையலால் இணைக்க வேண்டும். இணைத்த ஓரம் பிரியாதிருக்க மடித்து மீண்டும் தைக்க வேண்டும். கழுத்தும் கைவாயும் கிழியாதிருக்க அவற்றின் ஓரங்களை நெருக்கமாகத் தைக்க வேண்டும். வியர்வையில் ஊறி, கல்லில் அடித்துத் துவைக்கப்படும் உழைப்பாளியின் சட்டையில் தையல் நெகிழ்ந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்று 1860களில் அமெரிக்கத் தையற்பொறி நிறுவனம் ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. குப்பாயம் அதனினும் எளியதே. ஆயினும் பகலெல்லாம் பனங்காட்டிலும் அடுப்படியிலும் பதநீர் காய்ச்சி உழைத்த பெண்ணுக்கு அது பல இரவுகளின் வேலை. பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது என்றே சொல்லலாம்.

பள்ளியில் ஒருத்தி கற்றது பள்ளியோடு நிற்பதில்லை. விடுமுறையில் வீடு சென்ற மகள் தாய்க்கு ஊசியில் நூல் கோக்கக் கற்பிக்கிறாள். தாய் தங்கைக்கு அளவெடுத்து வெட்டுகிறாள். மகளிடமிருந்து தாய்க்குச் சென்ற கல்வி இது. வழக்கமாகத் தாயிடமிருந்து மகளுக்கு வரும் வீட்டுத் தொழில், இங்கே திசைமாறி நடந்தது.

பிறர்க்குச் செய்ததும் தமக்குச் செய்ததும்

அதே பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் மற்றொரு கைத்தொழிலையும் புகுத்தினார். அது லேஸ் பின்னல். போர்த்துக்கீசியரின் 'ரெந்தா' என்னும் சொல்வழி வந்த 'ரேந்தை' என்னும் பெயரும் தமிழில் இதற்கு உண்டு. இங்கிலாந்தின் தெவன் பகுதியில் ஹானிட்டன் என்னும் ஊரைச் சுற்றி வளர்ந்த லேஸ் முறையே நாகர்கோவிலுக்கு வந்தது. இதற்கு ஊசித்தையல் முறை உதவாது. இறுக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட மாதிரித்தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூலிழைகளை இரட்டை இரட்டையாக எடுத்து, குறுக்கே மாற்றியும் முறுக்கியும் அவ்வூசிகளைச் சுற்றிப் பின்ன வேண்டும். விரல்கள் வேகமாக ஓடினாலும் லேஸ் விரற்கடையளவே வளரும்.

நாகர்கோவில் லேஸ் ஐரோப்பிய மாதரின் கழுத்துப்பட்டிக்கும் கைவிளிம்புக்கும் விலைபோயிற்று. அதில் கிடைத்த வருவாய் பள்ளியை நடத்தவும் உதவியது. அடிமைக் குடும்பத்தில் பிறந்து இப்பள்ளியில் சேர்ந்த பெண்கள் சிலர், பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது மிஷன் வரலாறுகளில் இடம்பெற்றுள்ள செய்தி. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் முற்றும் ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே தன் விரல்களால் தன் விலையை ஈட்டிய பெண்ணைப் பற்றி ஒரு காப்பியம் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

மால்ட் இணையரின் மகள் எலைசா நாகர்கோவிலில் தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர். 1844இல் அவர் மணந்துகொண்டவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல். கணவர் ஒப்பிலக்கணம் எழுதிய அதே இடையன்குடியில், மனைவி பெண்கள் பள்ளியை நடத்தி லேஸ் பின்னலைக் கற்பித்தார். கால்டுவெல்லின் பெயர் தமிழ்க் கல்வி உள்ளவரை நிற்கும். தேரிக்காட்டுச் சிறுமியரின் கையில் எலைசா அம்மையார் வைத்த தொழில், அவ்வூருக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை.

லேஸ், குப்பாயம் ஆகிய இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணுதல் வேண்டும். லேஸ் பிறருக்காகச் செய்யப்பட்டது, அதற்கு விலையிருந்தது, ஆதலின் கணக்கேட்டில் ஏறியது. குப்பாயம் தமக்கும் தம் மக்களுக்கும் செய்யப்பட்டது, அதற்கு விலையில்லை, ஆதலின் எக்கணக்கிலும் ஏறவில்லை. எனினும் லேஸைக் கண்டு எவரும் சினந்ததில்லை; பெண்கள் தம் மேனிக்கென்று தைத்ததும் இட்டதுமே ஊரைக் கலங்க வைத்தன. தாழ்த்தப்பட்டவள் பிறரை அழகுசெய்தால் அது தொழில். தன்னை மறைத்துக்கொண்டால் அது கலகம் என்று அச்சமூகம் கருதியது.

மூன்று கலகங்கள்

பெண்கள் குப்பாயத்தோடு நிறைவுறவில்லை. அதன்மேல் தோள்சீலையையும் இடத் தொடங்கினர். 1822ஆம் ஆண்டில் கல்குளம் பகுதியில் முதற் கலகம் மூண்டது. பெண்களின் மேலாடைகள் பொது இடத்தில் பறிக்கப்பட்டன, கிழிக்கப்பட்டன. மீட் பாதிரியார் ரெசிடெண்டிடம் முறையிட்டார். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு ஏட்டில் இருந்தது, தெருவில் இல்லை. 1827 முதல் 1829 வரை இரண்டாம் கலகம் நிகழ்ந்தது. ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சிப் பொறுப்பிலிருந்த 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரசாணை, தோள்சீலை இடுதல் முறையன்று என விலக்கியது. குப்பாயம் அணிதலை மட்டும் ஏற்றது. ஊழிய வேலைகளை முன்போலவே செய்ய வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. ஆடையைப் பற்றிய ஆணையில் ஊழியம் ஏன் வந்தது என்பதே அதன் உட்பொருளைத் தெளிவாக்கும். மேனியை மறைத்தவள் நாளை ஊழியத்தையும் மறுப்பாள் என்பதை ஆண்டவர்கள் அறிந்திருந்தனர்.

மூன்றாம் கலகம் 1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் பரவியது. விக்டோரியா அரசியின் பேரறிக்கை 1858 நவம்பரில் வெளிவந்திருந்த காலம் அது. திவான் மாதவராவ் 1858 டிசம்பரில் விடுத்த அறிவிப்பு, பழைய வழக்கத்தை மீறலாகாது என இருதரப்பாரையும் எச்சரித்தது. எனினும் பூசல் ஓயவில்லை. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் ரெசிடெண்டு கல்லனுக்குக் கடுமையாக எழுதினார். இறுதியில் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னர் 1859 ஜூலை 26ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். கிறித்தவர் அல்லாத நாடார் குலப் பெண்களும் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆயினும் உயர்குலப் பெண்டிரைப் போல் அணியலாகாது என்றது அந்த ஆணை.

இவ்வாணையைப் பெருவெற்றி எனக் கொண்டாடுவார் உளர். வெற்றிதான், ஆயினும் முழுவெற்றியன்று. சமயம் மாறினால்தான் மானம் என்றிருந்த நிலை மாறியது. ஆனால் இறுதித் தொடரில் பழைய வேலி அப்படியே நின்றது. அதனை வெட்டி வீழ்த்தியது மற்றொரு சட்டமன்று; காலமும் ஊசியுமே.

அடையாளம் அழிந்த கதை

1859க்குப் பின் நிகழ்ந்தது எந்த ஆணையிலும் எழுதப்படாத மாற்றம். தாழ்ந்தோரைப் பிரித்துக் காட்ட ஒதுக்கப்பட்ட தைத்த சட்டை, மெல்ல மெல்ல எல்லா வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. கல்வியும் நகர வாழ்வும் பரவப் பரவ, முன்னர்க் குப்பாயத்தை இழிவாக நோக்கிய குடும்பங்களின் பெண்களும் ரவிக்கை தைத்து அணியலாயினர். தமிழகத்தின் பிற பகுதிகளில் புடைவையின் முந்தானையே மேலாடையாக இருந்த இல்லங்களிலும் ரவிக்கை இன்றியமையாததாயிற்று. போராட்டம் அவ்வளவில் எல்லார்க்கும் முடிந்துவிடவில்லை. அய்யன்காளியின் தலைமையில் புலையர் குலப் பெண்கள், தமக்கு விதிக்கப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்து மேலாடை அணிந்தது 1915ஆம் ஆண்டில், கொல்லம் பகுதியில். இன்று ரவிக்கையைக் கண்டு எவரும் குலத்தை அறிய முடியாது. வேற்றுமைக்கென அளிக்கப்பட்ட உடையே பொதுமைக்கு வழியாயிற்று. ஆணையிட்டவர் எதிர்பார்த்த விளைவு இதுவன்று.

கைத்தையலின் சுமையைக் குறைத்தது தையற்பொறி. எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொறிகள், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கும் வந்தன. 14 மணி நேரம் கொண்ட சட்டை, பொறியில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. பொறிகளை எதிர்த்தவராகக் கருதப்படும் காந்தியடிகள் இப்பொறிக்கு மட்டும் விலக்களித்தார். 1924ஆம் ஆண்டில், எல்லாப் பொறிகளுக்கும் அவர் எதிரியா என்று ஓர் இளைஞர் வினவினார். மனிதர் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களுள் சிங்கர் தையற்பொறியும் ஒன்று என்றும், மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்ட அன்பினால் அவர் அதனை ஆக்கினார் என்றும் அடிகள் விடைகூறினார். அந்த அன்புக் கதையை வரலாற்றாசிரியர் ஏற்பதில்லை. ஆயினும், கையால் தைக்கும் பெண்ணின் வருத்தத்தை ஒரு பெருந்தலைவர் பொருட்படுத்திப் பேசியது போற்றத்தக்கது. வினவிய இளைஞர் கோ. இராமச்சந்திரன், தென் திருவிதாங்கூரைச் சார்ந்த நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். பின்னர் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவரும் அவரே.

கல்கத்தாவில் 1930களில் 'உஷா' பொறிகள் உருவாகத் தொடங்கியபின், தையற்பொறி நடுத்தர இல்லங்களின் சீர்வரிசைப் பொருள்களுள் ஒன்றாயிற்று. கூடத்தின் சாளரத்தருகே அது இடம்பிடித்தது. மூத்தவளின் பாவாடை இளையவளுக்கு அளவு குறைக்கப்பட்டது. புதுப்பாவாடையின் அடியில் மடிப்பு வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவது தாய்மார் அறிந்த சிக்கனம். தந்தையின் பழைய வேட்டி குழந்தையின் மெல்லிய சட்டையாயிற்று. தேய்ந்த புடைவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டுப் போர்வையாயின. கணவனை இழந்தும் கைவிடப்பட்டும் நின்ற பெண்ணுக்கு அப்பொறியே வாழ்வாதாரமாயிற்று. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு அத்தகைய பெண்களுக்கு இலவசத் தையற்பொறி வழங்குவது, ஆண் துணையற்ற பெண்டிரின் நுண்பனுவலைப் பாடிய கபிலர் கண்ட உண்மையின் தொடர்ச்சியே.

ஆயத்த ஆடை மலிந்த இந்நாளில் வீட்டுத் தையல் அருகிவருகின்றது. அதற்காக வருந்துவதிலும் பொருளில்லை. கண் நோவ இரவெல்லாம் தைப்பது எவர்க்கும் இனிய கடமையாக இருந்ததில்லை. வருந்துதற்குரியது வேறொன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குரிய நடுவண் பாடநூலில் ஆடையின் சமூக வரலாற்றை உரைத்த இயல் ஒன்றிருந்தது. தோள்சீலைப் போராட்டம் அதில் இடம்பெற்றிருந்தது. பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி 2019ஆம் ஆண்டில் அவ்வியல் நீக்கப்பட்டது. நான்காண்டுகள் கழித்து, 2023 மார்ச் 6ஆம் நாள், நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழா தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் பங்கேற்கக் கொண்டாடப்பட்டது. ஏட்டில் நீங்கியது மேடையில் நினைவுகூரப்பட்டது. மேடை ஒருநாளில் முடியும். ஏடு தலைமுறைக்கு நிற்கும். ஆதலின் இவ்வரலாற்றை எழுதிவைக்கும் கடமை கற்றோரைச் சார்ந்தது.

அங்ஙனம் எழுதும்போது மன்றோ, மீட், மாதவராவ், டிரெவெலியன் ஆகிய பெயர்களோடு நிறுத்திவிடலாகாது. அவர்கள் எழுதியவை தாளில் உள்ளன. பெயர் தெரியாத பெண்கள் எழுதியது துணியில், துணி மக்கிப்போயிற்று. அவர்கள் தைத்த முதற் குப்பாயங்களில் தையல் கோணியிருக்கலாம். கழுத்து ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். கிழித்தெறியப்பட்டதை எடுத்து வந்து, இரவில் ஒட்டுப் போட்டுத் தைத்து, மறுநாள் மீண்டும் அணிந்து சந்தைக்குச் சென்ற கையே இப்போராட்டத்தை நடத்தியது. தையல் என்னும் சொல் பெண்ணையும் அவள் செய்யும் வேலையையும் ஒருங்கே குறிக்கும் தமிழ்மொழியில், அந்தக் கைக்கு ஒரு வரலாறு எழுதப்படுவது முறையே ஆகும்.